மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா?

 

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். இட்லிக் கடை அக்கா என்னிடம் வந்தார். "ஏம்மா, பையில போட்டுக்க ஒரு சின்ன மடக்குக் கத்தி வாங்கணும். கடையில நூறு விதம் வச்சிருக்கான். எதை வாங்கினா நல்லது? நீதான் படிச்ச பொண்ணாச்சே, சொல்லேன்" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கத்தி வாங்கக்கூடப் பாடம் நடத்தணுமா?" என்றார் ஒரு பெரியவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கத்தியால் எங்கள் வீடு பட்ட பாடு எனக்கு நினைவுக்கு வந்தது. அதனால்தான் இன்று கத்தியைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அண்ணன் வாங்கிய கத்தி

என் அண்ணன் வயரிங் வேலை செய்கிறான். வயரின் மேல்தோலைச் சீவ, டேப்பை அறுக்க, அட்டைப் பெட்டியைப் பிரிக்க, அவனுக்கு எப்போதும் ஒரு கத்தி வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாரச் சந்தையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தான். விலை 150 ரூபாய். பளபளவென்று கண்ணாடி போல இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று திறந்தது. அலகு ஒரு சாண் நீளம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றே நாளில் அது மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தி நன்றாக வெட்டாது. வெட்டாவிட்டால் நாம் என்ன செய்வோம்? பலமாக அழுத்துவோம். அண்ணனும் அழுத்தினான். கத்தி வயரில் வழுக்கியது. பூட்டு விட்டுக்கொடுத்தது. அலகு அப்படியே மடங்கி அவன் ஆள்காட்டி விரலில் இறங்கியது.

ஐந்து தையல் போட்டார்கள். 18 நாள் வேலைக்குப் போகவில்லை. அப்போது அவன் கூலி ஒரு நாளைக்கு 700 ரூபாய். நாம் போன மாதம் படித்த பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

18 நாள் × 700 ரூபாய் = 12,600 ரூபாய்.

மருந்துக்கும் ஆட்டோவுக்கும் 850 ரூபாய். கத்தியின் விலை 150 ரூபாய். எல்லாம் சேர்த்து 13,600 ரூபாய். இதுதான் அந்த மலிவுக் கத்தியின் உண்மையான விலை. அந்த மாதம் வாடகையைக் கடன் வாங்கித்தான் கொடுத்தோம்.

தையல் போட்டு வெளியே வந்தபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். "தம்பி, விரலோடு போனதே என்று நினைத்துக்கொள். இந்தக் கத்தியோடு தில்லியில் போலீஸ் கையில் மாட்டியிருந்தால் வேலையே போயிருக்கும்" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தி வைத்திருப்பதில் இவ்வளவு இருக்கிறதா? அதன் பிறகுதான் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

துருப்பிடிக்காதது எல்லாம் வெட்டாது

அண்ணனின் கத்தியில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தது. 'ஸ்டெயின்லெஸ்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். கறை படியாதது, துருப்பிடிக்காதது என்று பொருள். அதைப் பார்த்துத்தான் நல்ல கத்தி என்று நம்பினான்.

குதுப் மினாருக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே பக்கத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது அல்லவா? உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். குப்தர் காலத்துத் தூண். ஏறக்குறைய 1,600 வருடமாக வெயிலும் மழையும் பட்டும் அது துருப்பிடித்து அழியவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் என்ற பொருள் அதிகம். அதனால் தூணின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

சரி, அந்தத் தூணில் ஒரு துண்டு எடுத்துக் கத்தி செய்தால் நன்றாக வெட்டுமா? வெட்டாது. அது மிருதுவான இரும்பு. கூர் நிற்காது.

துருப்பிடிக்காமல் இருப்பது ஒரு குணம். கூர் நிற்பது இன்னொரு குணம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் நாம் ஏமாறுகிறோம்.

கூர் நிற்க என்ன வேண்டும்?

வெறும் இரும்பு மிருதுவானது. அதில் கொஞ்சம் கரி சேர்ந்தால் எஃகு ஆகிறது. உருக்கு என்று சொல்வதும் இதைத்தான். அடுப்புக் கரியில் இருக்கிற அதே பொருள்தான். அதைக் கார்பன் என்பார்கள். கத்திக்கு வேண்டிய கரி மிகவும் கொஞ்சம். நூறு கிலோ எஃகில் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருந்தால் போதும்.

கரி குறைந்தால் கத்தி சீக்கிரம் மழுங்கும். கரி மிக அதிகமானால் கத்தி அப்பளம் போல் பட்டென்று உடையும்.

கரி மட்டும் போதாது. பக்குவமும் வேண்டும். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். அங்கே கொல்லுப் பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். லாரியின் வில்பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பார்கள். சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் தோய்ப்பார்கள். 'சுர்' என்று சத்தம் வரும். அப்போது எஃகு இறுகிவிடும். ஆனால் இறுகிய எஃகு கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடு காட்டுவார்கள். இப்போது கூரும் நிற்கும், உடையவும் உடையாது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வந்ததும் இந்தக் கைப்பக்குவத்தால்தான்.

இந்த வித்தை நமக்குப் புதியது இல்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தோண்டிப் பார்த்தபோது, 2,000 வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. தென்னாட்டு எஃகு கடல் கடந்து போயிற்று. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'வூட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1819-ல் மைக்கேல் ஃபாரடே என்ற பெரிய விஞ்ஞானி லண்டனில் உட்கார்ந்து, இந்த எஃகில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். நம் கொல்லர்களின் அறிவை உலகம் அப்படி மதித்தது.

என் அப்பாவிடம் ஒரு சின்னப் பேனாக்கத்தி இருக்கிறது. ஊர்க் கொல்லர் செய்து கொடுத்தது. பார்க்கக் கறுப்பாக இருக்கும். எலுமிச்சம்பழம் வெட்டித் துடைக்காமல் வைத்தால் மறுநாளே துரு ஏறும். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், கூர் வந்துவிடும். அண்ணனின் பளபளப்புக் கத்தி மழுங்கிய பிறகும் அப்பாவின் கறுப்புக் கத்தி வெட்டிக்கொண்டுதான் இருந்தது.

துருப்பிடிக்காமலும் இருந்து, கூரும் நிற்கிற எஃகு உண்டா?

உண்டு. எஃகில் குரோமியம் என்ற உலோகத்தைச் சேர்க்க வேண்டும். நூறு கிலோவில் பத்தரைக் கிலோவுக்குக் குறையாமல் சேர்த்தால் அது துருப்பிடிக்காத எஃகு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மேலே உண்டாகிக் காப்பாற்றும். 1913-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் இப்படிப்பட்ட எஃகை உருவாக்கினார். அந்த ஊர் கத்திக்குப் பேர்போன ஊர். முதலில் அந்த எஃகில் சாப்பாட்டுக் கத்திகள் செய்தார்கள்.

ஆனால் துருப்பிடிக்காத எஃகில் பல வகை இருக்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் அதில் ஒரு வகை. அதில் குரோமியம் இருக்கிறது. கரி மிகக் குறைவு. அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. தட்டுக்கு அது நல்லது. கத்திக்கு ஆகாது. கத்திக்குக் குரோமியமும் வேண்டும், போதிய கரியும் வேண்டும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு சின்னக் காந்தம் போதும். அலகில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது தட்டு செய்கிற வகை. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று. காந்தம் ஒட்டிவிட்டால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு செய்யக் கூடாது. மிருதுவான இரும்பிலும் காந்தம் ஒட்டும். ஆகாததை ஒதுக்கத்தான் காந்தம் உதவும்.

இரண்டாவது வழி படிப்பது. அதற்குத்தானே இங்கே வருகிறோம்! அலகின் அடியில், பிடிக்குப் பக்கத்தில் பாருங்கள். நல்ல கத்தி செய்கிறவர்கள் எஃகின் வகையை எண்ணாகப் போடுவார்கள். அலகில் இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கும்.

420 என்று இருந்தால்: துரு எளிதில் ஏறாது. எளிதாகத் தீட்டலாம். ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். பழம் வெட்ட, நூல் அறுக்க இது போதும்.

440 என்று போட்டு, பக்கத்தில் ஆங்கில எழுத்து 'சி' இருந்தால்: கரி ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. கூர் நெடுநாள் நிற்கும். தீட்ட நேரம் ஆகும். தினமும் வேலைக்குக் கத்தி எடுக்கிறவர்களுக்கு ஏற்றது. வெறும் 440 என்று மட்டும் இருந்தால், எந்த 440 என்று கேளுங்கள்.

எண்ணே இல்லாமல் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் இருந்தால்: எந்த எஃகு என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அதிக விலை கொடுக்காதீர்கள்.

பெட்டியில் எச்.ஆர்.சி. என்று போட்டு ஓர் எண் இருக்கலாம். அது எஃகு எவ்வளவு இறுகியது என்று சொல்கிற எண். மடக்குக் கத்திக்கு 54 முதல் 60 வரை இருக்கும். எண் கூடினால் கூர் நிற்கும். ஆனால் தீட்டுவது கடினம்.

அதனால் பெரிய எண்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்து நாட்டில் விக்டோரினாக்ஸ் என்ற கம்பெனி இருக்கிறது. 1891 முதல் அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி செய்து கொடுத்தது. உலகம் முழுதும் பேர் பெற்ற கத்தி. அதன் அலகின் எண் 56-தான். யாரும் எங்கேயும் எளிதாகத் தீட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதில் உள்ள நன்மை. உங்களால் தீட்ட முடிகிற எஃகுதான் உங்களுக்கு நல்ல எஃகு.

பூட்டைப் பாருங்கள்

எஃகைவிட முக்கியம் பூட்டு. என் அண்ணன் விரலை அறுத்தது கூர் மட்டும் இல்லை. பூட்டு சரியில்லாததுதான் பெரிய காரணம்.

சில கத்திகளில் பூட்டே இருக்காது. உள்ளே ஒரு வில்பட்டை அலகை இழுத்துப் பிடித்திருக்கும். அப்பாவின் பேனாக்கத்தி அப்படித்தான். பழம் வெட்ட அது போதும். குத்தித் திருப்புகிற வேலைக்கு ஆகாது. அழுத்தி வேலை செய்கிறவர்களுக்குப் பூட்டு வேண்டும். சிலவற்றில் பூட்டு பிடியின் முதுகில் இருக்கும். சிலவற்றில் பிடிக்குள் ஒரு தகடு வந்து அலகைத் தாங்கும். பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியில் ஒரு வளையத்தைத் திருப்பினால் அலகு நின்றுவிடும். 1955-ல் வந்த எளிய ஏற்பாடு அது.

கடையிலேயே நான்கு சோதனை செய்யுங்கள்.

1. முழுதாகத் திறந்து அலகை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

2. பூட்டைப் போட்டு, அலகின் முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். அலகு மடங்கி வருகிற பாதையில் விரலை வைக்காதீர்கள். மடங்கினால் வேண்டாம்.

3. மூடிப் பாருங்கள். அலகின் முனை பிடிக்குள் முழுதாக மறைய வேண்டும். வெளியே நீட்டினால் உங்கள் பையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

4. பிடியைக் கொஞ்சம் ஈரக்கையால் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம்.

வயரிங் வேலை செய்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பிடி இருக்கிறதே என்று கரண்ட் ஓடுகிற வயரில் கத்தியை வைக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சீவுங்கள்.

அளவும் சட்டமும்

இப்போது அந்தப் பெரியவர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

தில்லிக்குக் கிழக்கே உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்ற ஊர் இருக்கிறது. 'ராம்பூரி சாக்கு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய இந்திப் படங்களில் வில்லன் 'டக்' என்று திறப்பானே, அந்தக் கத்தி. ராம்பூர்க் கைத்தொழிலாளர்கள் அழகாகச் செய்வார்கள். ஆனால் ரவுடிகள் கையில் போய்ப் பெயர் கெட்டது. நீளமான அலகுக்கு அரசு தடை போட்டது. தொழில் நலிந்தது. 2023-ல் ராம்பூரில் ஒரு நாற்சந்தியில் 20 அடி நீளக் கத்தியைச் சிலை போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தெருவில் பெரிய கத்தி நிற்கிறது, செய்கிற பட்டறைகள்தான் குறைந்துவிட்டன.

தில்லியிலும் சட்டம் இருக்கிறது. 1980 அக்டோபர் 29-ஆம் தேதி தில்லி நிர்வாகம் ஆயுதச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை போட்டது. ஸ்பிரிங், பல்சக்கரம், பொத்தான் போன்ற அமைப்பால் திறக்கிற கத்திகளைப் பற்றியது அது. அலகின் நீளம் 7.62 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ, அகலம் 1.72 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அதை உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, விற்பதற்காக வைத்திருக்கவும் கூடாது.

"நான் விற்கவில்லையே, வேலைக்குத்தானே வைத்திருக்கிறேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025-ல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு பொத்தான் கத்தி வழக்கை ரத்து செய்தது. விற்பதற்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் சொல்லவில்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே! கூலி வேலை செய்கிற நம்மால் அது முடியுமா? எத்தனை நாள் கூலி போகும்?

அதனால் எளிய வழியைச் சொல்கிறேன். பொத்தான் வைத்த கத்தியே வேண்டாம். நகத்தாலோ கட்டைவிரலாலோ திறக்கிற கத்தியை வாங்குங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேலைக் கடைக்குக் கொண்டு போங்கள். அலகு 7 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பழம், நூல், வயர், அட்டைப் பெட்டி எல்லாவற்றுக்கும் அந்த நீளம் தாராளம்.

வேலை இல்லாத நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். மெட்ரோவில் பையைச் சோதிப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் எந்தக் கத்தியும் வைக்கக் கூடாது. கீழே அனுப்புகிற பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

பழம் வெட்டினால் உடனே துடையுங்கள். எலுமிச்சை, புளி, உப்பு மூன்றும் கத்திக்குப் பகை. ஆடி, ஆவணி மழைக் காலத்தில் தில்லியிலும் துரு ஏறும். மடங்குகிற இடத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தில்லிக் குளிரில் அது உறைந்து கத்தி திறக்க வராது.

தீட்டும்போது கத்தியைக் கல்லில் படுக்க வைக்காதீர்கள். முதுகை ஒரு பென்சில் தடிமனுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுங்கள். சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால், "பையா, தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள்" என்று சொல்லுங்கள். தீப்பொறி பறக்க அழுத்தினால் அலகு சூடாகும். வாய் ஓரம் நீல நிறம் ஏறினால் கொல்லர் கொடுத்த பக்குவம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு கூர் நிற்காது.

கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை என்று எங்கள் பாட்டி சொல்வார். கொடுத்தால் சண்டை வரும் என்பார். சண்டை வருகிறதோ இல்லையோ, காயம் வராது. மடக்கி, கீழே வைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

என் அண்ணன் இப்போது வேறு கத்தி வைத்திருக்கிறான். நீளம் ஆறரை சென்டிமீட்டர். பொத்தான் இல்லை. முதுகில் பூட்டு இருக்கிறது. அதை வாங்கும்போது நானும் கூடப் போனேன். "இதில் என்ன எண் போட்டிருக்கிறது, நீயே படி" என்றேன். அவன் பள்ளிக்கூடம் போகாதவன். கடைக்காரர் முன்னால் கூச்சப்பட்டான். பிறகு அலகை வெளிச்சத்தில் திருப்பி மெல்லப் படித்தான். "நாலு, நாலு, சைபர்... பக்கத்தில் சி." அவன் விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த விரலால்தான் எண்ணைத் தடவித் தடவிப் படித்தான்.

அடுத்த வகுப்புக்கு வீட்டுப்பாடம் இதுதான். உங்கள் வீட்டில் உள்ள கத்திகளை எடுங்கள். காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அலகின் நீளத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஏதாவது எண் போட்டிருந்தால் அதையும் அப்படியே பார்த்து எழுதி வாருங்கள். கத்தியை இங்கே கொண்டு வர வேண்டாம், நோட்டு மட்டும் போதும்.

இட்லிக் கடை அக்கா, கடைக்குப் போகிற அன்றைக்குச் சொல்லுங்கள். நானும் வருகிறேன். எண்ணை நான் படிக்க மாட்டேன். நீங்கள்தான் படிக்க வேண்டும்.